டியூஷன் வகுப்புக்குத் துணை ஆள்: வீண் செலவா, முதலீடா?

மாலை ஆறரை மணி. தாராவியில் 90 அடிச் சாலைக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. இரும்பு ஏணிப்படியில் ஏறினால், பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் ஓர் அறை. ஒரு பக்கம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். மறுபக்கம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். நடுவே ஓர் ஆசிரியர். பகலில் அவருக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. லோக்கல் இரயிலில் நின்றபடியே வந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டுக் கரும்பலகை முன் நிற்கிறார்.

பின்னக் கணக்கைப் பாதி எழுதியிருப்பார். வாசலில் ஒரு தாய் வந்து நிற்பார். "சார், போன மாசப் பணத்தை அடுத்த வாரம் தந்துடுறேன்" என்பார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் செல்போன் அடிக்கும். புதிதாகப் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமாம், கட்டணம் எவ்வளவு என்று ஒருவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்குள் பின் வரிசையில் இரண்டு பையன்கள் சண்டை. ஒரு பெண் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும். கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்க யாராவது ஓட வேண்டும். இத்தனையும் முடிந்து அவர் மீண்டும் பின்னக் கணக்குக்கு வரும்போது, ஒரு மணி நேர வகுப்பில் பாதி போய்விட்டிருக்கும்.

தாராவி மட்டுமல்ல, மாட்டுங்கா லேபர் கேம்ப், சயான் கோலிவாடா, செம்பூர், மால்வணி என்று மும்பையில் தமிழர் கூடி வாழும் இடங்களில் எல்லாம் இப்படி ஒற்றை ஆளாக டியூஷன் நடத்துபவர்களைக் காணலாம். பாடம் சொல்பவரும் அவரே. பணம் வசூலிப்பவரும் அவரே. கணக்கு எழுதுபவரும், கதவு திறப்பவரும், பாய் விரிப்பவரும் அவரே. "ஆள் வைக்க எங்கே சார் பணம்?" என்று கேட்டால், அவரிடமிருந்து வரும் பதில் ஒரு பெருமூச்சுதான்.

அந்தப் பெருமூச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கு இல்லை. குறைந்த வரவில் டியூஷன் நடத்துகிறவர் முதலில் செய்ய வேண்டிய செலவு, ஒரு துணை ஆளுக்கு ஒழுங்காகக் கொடுக்கும் சம்பளம்தான். அதைக் கடைசிச் செலவாகத் தள்ளி வைப்பதால்தான் பல வகுப்புகள் தேர்வுக்கு முன்பே மூடப்படுகின்றன.

மூடினால் யாருக்கு நட்டம்?

இரு வேலை பார்க்கும் ஒருவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உற்சாகமாகத் தொடங்குவார். தீபாவளி வரை ஓட்டுவார். பிறகு கம்பெனியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை நெருக்கும். உடம்புக்கு முடியாமல் போகும். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு இருக்காது. பெற்றோர் பணம் தரத் தயங்குவர். ஜனவரியில் கதவு சாத்தப்படும். பத்தாம் வகுப்புத் தேர்வோ பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்து நிற்கும்.

ஆசிரியருக்கு வருமானம் போகிறது என்பது உண்மை. ஆனால் அவருக்குப் பகல் வேலை இருக்கிறது. பிள்ளைக்கு என்ன இருக்கிறது? தந்தை தோல் பட்டறையிலோ, கட்டட வேலையிலோ, தள்ளுவண்டி இட்லி வியாபாரத்திலோ இருப்பார். தாய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். வீட்டுப்பாடத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. நடு ஆண்டில் வேறு வகுப்பில் சேர்க்கலாம் என்றால், பெரிய கோச்சிங் நிலையங்கள் கேட்கும் தொகை ஒரு தொழிலாளியின் பல மாதக் கூலி. ஆகவே தெருக்கோடி டியூஷன் நின்றுபோனால், பல பிள்ளைகளுக்கு அந்த ஆண்டே நின்றுபோகிறது.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாநகராட்சி மராத்தி, இந்தி, ஆங்கிலம், குஜராத்தி, உருது, தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழில் தொடங்கிய பிள்ளைகள் பலர் மேல் வகுப்பில் ஆங்கிலத்துக்கோ வேறு மொழிக்கோ மாற நேர்கிறது. அந்த மாறுதல் காலத்தில் கைகொடுப்பது இந்தச் சின்ன டியூஷன் அறைகள்தான். இவை நிலைத்து நிற்பது ஒரு தனி மனிதரின் பிழைப்போடு முடிந்துவிடும் விஷயமல்ல.

முதலில் ஒரு வாரக் கணக்கு

ஆள் தேடுவதற்கு முன் ஆசிரியர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குக் காசு தேவையில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்து, ஒரு வாரம் தம் நேரத்தைக் குறித்து வர வேண்டும். பாடம் சொன்னது எத்தனை நிமிடம்? கட்டணம் கேட்டது, ரசீது எழுதியது எத்தனை நிமிடம்? போனில் பேசியது? நோட்டுத் திருத்தியது? ஜெராக்ஸ் கடையில் நின்றது? கூட்டித் துடைத்தது?

பிறகு அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இவர் ஒருவரால் மட்டுமே முடிந்தவை ஒரு பக்கம். வேறு ஒருவரும் செய்யக்கூடியவை மறுபக்கம். முதல் பக்கத்தில் பாடம் சொல்வதும், பின்தங்கிய பிள்ளையை உட்காரவைத்துப் பேசுவதும், பெற்றோரிடம் படிப்பு நிலவரத்தைச் சொல்வதும் நிற்கும். மற்ற எல்லாம் மறுபக்கம் போய்விடும்.

இதைச் செய்யாமல் ஆள் வைப்பவர்கள் செய்யும் தவறு என்ன? தமக்குப் பக்கத்தில் இன்னொரு வாத்தியாரை வைப்பார்கள். அவருக்குக் கூடுதல் சம்பளம். அவரும் தம் வகுப்பில் பாதி நேரம் பணம் வசூலிப்பார். ஓட்டைக் குடத்தைச் சரிசெய்யாமல் இரண்டு குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான்.

முதல் ஆள் யார்?

முதலில் தேவைப்படுபவர் வாசலைப் பார்த்துக்கொள்பவர். அறையைத் திறந்து, பாய் விரித்து, வருகைப் பதிவு எடுத்து, கட்டணம் வாங்கி ரசீது கொடுத்து, போனுக்குப் பதில் சொல்லி, வராத பிள்ளையின் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறவர். அதே சந்தில் இருக்கும், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த ஒரு பெண்மணி இதற்கு மிகவும் பொருத்தமானவர். யார் வீட்டில் எப்போது சம்பளம் வரும், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்தப் பையன் டியூஷனுக்கு என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் பட்டதாரிக்குத் தெரியாது.

இன்னொரு நன்மையும் உண்டு. ஓர் ஆண் தனியாக நடத்தும் மாலை வகுப்புக்கு வயதுவந்த பெண் பிள்ளையை அனுப்பத் தாய்மார் தயங்குகிறார்கள். வாசலில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தால் அந்தத் தயக்கம் குறையும். ஆசிரியரின் பெயருக்கும் அது பாதுகாப்பு.

கணக்கு எப்படி வருகிறது என்று பார்க்கலாம். உதாரணத்துக்கு ஒரு வகுப்பில் 45 பிள்ளைகள். தலைக்கு மாதம் 800 ரூபாய். வர வேண்டியது 36,000 ரூபாய். அறை வாடகை 9,000, மின்சாரம் 1,500, தாள், ஜெராக்ஸ் முதலியன 1,500 என்று 12,000 ரூபாய் செலவு. கேட்க ஆளில்லாததால் மாதந்தோறும் ஐந்து பிள்ளைகளின் பணம் வராமலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 4,000 ரூபாய். ஆசிரியர் கையில் நிற்பது 20,000.

இப்போது துணை ஆள் ஒருவர், மாலை ஆறு முதல் எட்டு வரை, மாதம் 26 நாள் வருகிறார். மொத்தம் 52 மணி. மணிக்கு 75 ரூபாய் என்றால் 3,900 ரூபாய். வசூல் ஒழுங்காகி 36,000 வந்தால், 12,000-ஐயும் 3,900-ஐயும் கழித்து ஆசிரியர் கையில் நிற்பது 20,100 ரூபாய். முன்னைவிட நூறு ரூபாய் கூடுதல்! அதற்கு மேல், பாடம் சொல்ல நேரமும் கிடைத்துவிட்டது. வசூலில் பாதிதான் தேறியது என்றாலும், ஆசிரியருக்கு மாதம் 1,900 ரூபாய்தான் குறையும். இடையில் நிற்கும் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் நின்றுவிடாமல் தொடர்ந்தாலே அது ஈடாகிவிடும்.

ஒவ்வொருவரும் தத்தம் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக் கூலியை மனம்போல வைக்கக் கூடாது. மகாராஷ்டிர அரசு குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறது. அன்றைய விகிதத்தைப் பார்த்து, அதற்குக் குறையாமல் வைப்பதே நியாயம்.

அடுத்தடுத்த ஆட்கள்

முதல் ஏற்பாடு மூன்று மாதம் நிலைத்த பிறகே இரண்டாம் ஆளை நினைக்க வேண்டும். அவர் நோட்டுத் திருத்துபவர். அதே வகுப்பில் படித்துத் தேறி, இப்போது கல்லூரிக்குப் போகும் பழைய மாணவரோ மாணவியோ இதற்கு ஏற்றவர். வாரத்துக்கு ஆறு மணி நேரம் போதும். மாதம் 26 மணி, மணிக்கு 80 ரூபாய் என்றால் 2,080 ரூபாய். அந்தக் கல்லூரிப் பிள்ளைக்கு இரயில் பாஸுக்கும் புத்தகத்துக்கும் அது உதவும். சின்னப் பிள்ளைகளுக்கு, "நம்ம சந்துல இருந்த அண்ணன் இப்ப காலேஜ்ல படிக்கிறாரு" என்ற எண்ணம், ஆயிரம் அறிவுரையைவிட மேலாக வேலை செய்யும்.

மூன்றாவதாக வர வேண்டியவர் மராத்தி சொல்லித் தருபவர். 2020-இல் வந்த மாநிலச் சட்டப்படி மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். தமிழ் வீட்டுப் பிள்ளை மற்றப் பாடங்களில் நன்றாகச் செய்துவிட்டு மராத்தியில் தடுமாறுவது வழக்கம். பக்கத்துச் சாலில் இருக்கும் ஒரு மராத்திக்காரத் தாயிடம் வாரம் இரண்டு மணி நேரம் கேட்டுப் பெறலாம். மாதத்துக்கு ஒன்பது மணி, மணிக்கு 150 ரூபாய் என்றால் 1,350 ரூபாய். பாடத்தோடு அக்கம்பக்கத்து உறவும் வளரும். மராத்தி தெரிந்த ஒருவர் இருந்தால் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கைகளையும் படித்துச் சொல்வார்.

மூவருக்கும் சேர்த்து 7,330 ரூபாய். வரவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மூவரையும் வைத்தால், பழைய நிலையைவிட ஆசிரியர் கையில் மாதம் 3,330 ரூபாய் குறையும். அதை மறைத்துப் பயனில்லை. அதனால்தான் ஒரே நாளில் மூவரையும் வைக்கக் கூடாது. பிள்ளைகள் கூடக் கூட ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். புதிதாக ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் வருவது 4,000 ரூபாய். அந்தக் குறைவு அதில் அடங்கிவிடும்.

சில ஆட்களைத் தனியாக வைக்கவே வேண்டாம். கூட்டிப் பெருக்கும் அம்மையாரை, பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஜெராக்ஸ் கடையிலும் மூன்று வகுப்புக்கும் சேர்த்து மொத்தமாகக் கொடுத்தால் விலை குறையும். மாதக் கணக்கைச் சரிபார்க்க, ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை வந்தால் போதும். அவருக்கும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. என்று பயந்து வரி ஆலோசகருக்குப் பணம் கட்டுபவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் இத்தகைய சேவைத் தொழிலுக்கு, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக அந்தப் பதிவு தேவை. மேலே கண்ட வகுப்பின் ஆண்டு வரவு 4,32,000 ரூபாய்தான்.

விளம்பரப் பலகைக்கும் வண்ண நோட்டீசுக்கும் பணம் கொட்டுவதை ஒத்திப்போடலாம். வகுப்பு ஒழுங்காக நடந்தால் தாய்மார் குழாயடியில் பேசுவதே போதிய விளம்பரம். செல்போனில் பணம் வாங்கும் வசதியும், பெற்றோர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் வசதியும் இன்று எல்லோரிடமும் இருக்கின்றன. அவை துணை ஆளின் வேலையை எளிதாக்கும். ஆனால் பணம் தராத தாயிடம் பக்குவமாகப் பேச எந்தச் செல்போனுக்கும் தெரியாது.

"சேவைக்குச் சம்பளமா?"

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆள் வேண்டும், சம்பளம் கூடாது! "நம்ம பிள்ளைகளுக்குத்தானே, சேவையாச் செய்யட்டுமே" என்பார்கள். சில நாள் நடக்கும். சும்மா வருபவர் சொந்த வேலை வந்தால் வரமாட்டார். வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கும் இல்லை. கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்பில், ஒருவருக்குப் பணமும் மற்றவருக்குச் சேவையும் என்பது எந்த நியாயம்?

சில இடங்களில் சம்பளமில்லாத துணை ஆள் வீட்டிலேயே இருக்கிறார். அவர் ஆசிரியரின் மனைவி. பகல் முழுதும் வீட்டு வேலை. மாலையில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் வேலை. அவர் உழைப்பு கணக்கில் ஏறுவதே இல்லை. அவருக்கும் ஒரு தொகை எழுதி, அவர் பெயரில் அஞ்சலகச் சேமிப்பிலோ வங்கியிலோ போட்டு வருவதே முறை. அப்போதுதான் அந்த வகுப்பு உண்மையில் இலாபத்தில் நடக்கிறதா என்பது தெரியும்.

இன்னும் சில இடங்களில் பெரிய வகுப்புப் பிள்ளைகளையே, அதிலும் பெண் பிள்ளைகளையே, கூட்டவும் தண்ணீர் தூக்கவும் பணம் வாங்கவும் வைக்கிறார்கள். படிக்கப் பணம் கட்டி வந்த பிள்ளை துடைப்பத்தைப் பிடித்து நிற்கிறது! 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடை செய்கிறது. பெற்றோரின் சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகளே உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம்தான்.

ஒப்பந்தக்காரர் சம்பளத்தை இழுத்தடித்தால் தொழிலாளியின் வயிறு எரிகிறது. "இன்று நாளை" என்று முதலாளி சொன்னால் குமாஸ்தா கொதிக்கிறார். அதே தொழிலாளியும் அதே குமாஸ்தாவும் மாலையில் ஒரு வகுப்பு நடத்தி, ஒரு விதவைப் பெண்ணின் நான்காயிரம் ரூபாயை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், இவருக்கும் அந்த ஒப்பந்தக்காரருக்கும் என்ன வேற்றுமை?

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஐந்தாம் தேதி சம்பளம். அன்றைக்குக் கட்டணம் வசூலாகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் சம்பளம். அதற்கு வழி, ஆள் வைப்பதற்கு முன்பே இரண்டு மாதச் சம்பளத்தைத் தனியே எடுத்து வைப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் அது 7,800 ரூபாய். அந்தத் தொகை சேராதவரை ஆள் வைக்க வேண்டாம். சேர்த்த பிறகு அதைத் தொடவும் வேண்டாம்.

வேலையை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பது நல்லது. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் விடுமுறை, மே மாத விடுமுறைக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மே மாதப் பேச்சை மே மாதத்தில் பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஜூனிலேயே பேசிவிட வேண்டும். ஆசிரியர் ஒரு படியும், துணை ஆள் ஒரு படியும் வைத்துக்கொள்ளலாம்.

துணை ஆளுக்குச் சொல்லித்தர வேண்டியவை

ஆளை வைத்துவிட்டால் மட்டும் போதாது. மூன்று காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும்.

முதலாவது, கட்டணத்தைப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது. நாற்பது பேர் முன்னிலையில் "உங்கப்பா இன்னும் பணம் கட்டலை" என்று சொல்லக் கேட்ட பிள்ளை மறுநாள் வராது. வந்தாலும் அதன் மனம் பாடத்தில் நிற்காது. பணப் பேச்சு பெற்றோரிடம் மட்டும், தனியாக. உண்மையில் முடியாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு விலக்குக் கொடுப்பது ஆசிரியரின் முடிவு. எத்தனை பேருக்கு இலவசம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எண்ணிக்கை வைத்துக்கொண்டால், தர்மமும் நடக்கும், கணக்கும் குழம்பாது.

இரண்டாவது, வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. எண் போட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். அன்றைய பணம் அன்றிரவே ஆசிரியர் கைக்கு வந்து, நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இது சந்தேகத்தால் செய்வதல்ல. துணை ஆளை வீண் பழியிலிருந்து காப்பாற்றுவதே இதுதான். பெற்றோரின் போன் எண்களை வெளியாருக்குத் தரக் கூடாது என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. 2019-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி சூரத் நகரில் ஒரு வணிகக் கட்டடம் தீப்பற்றியது. அதன் மேல் தளத்தில் வகுப்பில் இருந்த மாணவர்கள் உட்பட 22 பேர் மாண்டனர். உயிர் தப்ப மாடியிலிருந்து பிள்ளைகள் குதித்த காட்சியை நாடே பார்த்துப் பதறியது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி டில்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு கோச்சிங் நிலையத்தின் நிலவறையில் மழைநீர் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். தாராவிச் சந்துகளில் மாடி அறைக்கு ஒரே ஏணிப்படிதான் இருக்கும். அதன் கீழே செருப்புக் குவியலும் தண்ணீர் டிரம்மும் அடுக்கியிருக்கும். படியைக் காலியாக வைப்பது, மின் கம்பியில் பொறி தெறித்தால் மெயின் சுவிட்சை அணைப்பது, சின்னப் பிள்ளைகளை முதலில் இறக்குவது: இவற்றுக்கு வாசலில் ஓர் ஆள் வேண்டும். கரும்பலகையைப் பார்த்து நிற்கும் ஆசிரியரால் படிக்கட்டையும் பார்க்க முடியாது.

பெருகும்போது வரும் விதிகள்

வகுப்பு வளர்ந்தால் விதிகளும் வரும். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் நிலையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாநிலங்கள் நடைமுறைப்படுத்துவதற்காக அனுப்பப்பட்டவை அவை. 50 பேருக்கு மேல் படிக்கும் இடத்தையே அவை கோச்சிங் நிலையம் என்கின்றன. அத்தகைய நிலையங்கள் 16 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. பாடம் சொல்பவர் பட்டதாரியாக இருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு சதுர மீட்டர் இடமாவது வேண்டும். நடுவில் நிற்பவருக்கு மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தரக் கூடாது என்றெல்லாம் அவை சொல்கின்றன.

சின்ன வகுப்பு இவற்றின் வரையறைக்குள் வராது என்று அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டிப் பெருக்க நினைப்பவர் முதலில் இவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறை ஏறக்குறைய 17 சதுர மீட்டர். அதில் ஒரே நேரத்தில் நாற்பது பிள்ளைகளை அடைப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து நடத்தினால் இடமும் போதும், பாடமும் ஏறும். அப்படிப் பிரித்து நடத்த, ஒரு குழு போய் மறு குழு வரும் நேரத்தை ஒழுங்குபடுத்த, மறுபடியும் அந்த வாசல் ஆள்தான் வேண்டும்.

மற்றவர்களின் பங்கு

இதில் எல்லாப் பொறுப்பையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட முடியாது. பெற்றோரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். சீட்டுப் பணத்தைத் தேதி தவறாமல் கட்டுகிற குடும்பம், டியூஷன் பணத்தை மட்டும் கடைசிக்கு வைப்பது ஏன்? நகர்த்தித் தரத்தான் முடியும் என்றால், வாரம் 200 ரூபாயாகத் தரலாம். வாரக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அதுவே எளிது. அதை வாங்கி எழுதிக்கொள்ளத் துணை ஆள் இருக்கும் வகுப்பில் அது நடக்கும். பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். துணை ஆளாக வரும் பெண்மணியை "ஏய், இந்தாம்மா" என்று ஏவாமல், அங்கே வேலை பார்ப்பவர் என்ற மதிப்போடு பேசப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும்.

ஊர்ச் சங்கங்களும் சமூக மன்றங்களும் ஆண்டுதோறும் விழா எடுத்து, முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குக் கேடயம் கொடுக்கின்றன. நல்ல காரியம்தான். அதோடு, மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்க அறையை ஒரு டியூஷன் வகுப்புக்குக் குறைந்த வாடகையில் திறந்துவிட்டால், மிச்சமாகும் வாடகையில் ஒரு துணை ஆளுக்குச் சம்பளம் கிடைத்துவிடும். கேடயம் வாங்கும் பிள்ளை ஒன்று. அந்த அறையால் தேறும் பிள்ளைகள் நாற்பது.

அந்நாளில் மும்பைக்கு வந்த தமிழர் பலருக்குத் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும்தான் கைமுதல். அவற்றைக் கற்றுக்கொடுத்த தட்டெழுத்துப் பள்ளிகளை நினைவிருப்பவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். சொல்லிக்கொடுப்பவர் மட்டும் போதாது. மணிக்கணக்குப் பார்த்து அடுத்த குழுவை உட்காரவைக்கவும், ரிப்பன் மாற்றவும், கட்டணப் பேரேடு எழுதவும் ஆள் இருந்தால்தான் அந்த இயந்திரங்கள் காலை முதல் இரவு வரை ஓடும். அங்கே கற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. இன்று தட்டெழுத்துப் பொறிகள் போய்விட்டன. பின்னக் கணக்கும் மராத்தி இலக்கணமும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லித்தரும் அறைகளுக்கும் அதே ஒழுங்குதான் தேவை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன், டியூஷன் நடத்துவோர் ஒவ்வொருவரும் அந்த ஒரு வார நேரக் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். இரண்டு மாதச் சம்பளத்தை ஒதுக்கி வைக்கட்டும். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "மாலையில இரண்டு மணி நேரம் வர முடியுமா அக்கா? மாசம் அஞ்சாம் தேதி சம்பளம்" என்று கேட்கட்டும். மார்ச் மாதத் தேர்வு வரை அந்த அறையில் விளக்கு எரிய அதுவே வழி.